இடது பக்கம் இழுத்த வண்டி

என் கணவர் இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவர். டிராவல்ஸ் வேன், கல்யாண வண்டி, கொஞ்ச காலம் ஒரு டாக்டர் வீட்டுக் கார் என்று ஊரார் வண்டிகளையெல்லாம் ஓட்டி முடித்து, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எங்களுக்கென்று ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். அதை எடுக்கும்போது மட்டும் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்காருவார். மற்றவர்களின் வண்டியில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எடுக்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "என்னாங்க, என்னா ஆச்சு?" என்று நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் சத்தம்தான் வந்தது. வலது கையும் வலது காலும் அவரோடு சேராமல் தனியே தொங்கின.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். உயிர் தங்கியது. கால் கொஞ்சம் திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சில் நாலைந்து வார்த்தைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. "இல்ல", "போவுது", "இந்தப் பக்கம்" என்று எதைக் கேட்டாலும் அவற்றில் ஒன்றுதான் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கு விளக்கிச் சொன்னார். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. நல்லா யோசிக்கிறாரு. வார்த்தைதான் புடிபட மாட்டேங்குது. இருக்குற வார்த்தையை வச்சுக்கிட்டு என்னா சொல்ல வராருன்னு நீங்கதான் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சிக்கணும். ஆமா, இல்லன்னு தலையாட்டுற மாதிரி கேளுங்க."

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் வேறாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் படியில் அவரால் கால் வைக்க முடியாது. டிரைவர் ஒருவரை வைத்து எங்கள் காரிலேயே இரண்டு தடவை போனோம். தன் வண்டியில் வேறொரு ஆள் கியர் போடுவதைப் பார்க்க முடியாமல் அவர் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை காரில் ஏறவே மறுத்துவிட்டார்.

அதனால்தான் நாற்பத்தைந்து வயதில் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அப்போது எங்கள் ஊரான விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் எனக்கு வேலை. சூளையிலிருந்து சுட்டு வரும் பியூஸ் கட்டைகளில் விரிசல் பார்த்துப் பிரிப்பேன். காலை ஆறு மணிக்கு வகுப்பு, ஒன்பது மணிக்கு வேலை. புடவை கிளட்ச்சில் மாட்டுகிறது என்று சுடிதாருக்கு மாறினேன். லைசென்ஸ் வாங்கி வந்த அன்று அட்டையை அவர் மடியில் வைத்தேன். இடது கையால் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மறுக்காமல் காரில் ஏறினார்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று ஒவ்வொரு ஊராக மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். நாற்பதைத் தாண்ட மாட்டேன். பிறகு ஐம்பது, அறுபது. ஒருமுறை லாரி ஒன்றை நானாகவே ஓவர்டேக் பண்ணியபோது அவர் இடது கையால் என் தோளை ஒரு தட்டு தட்டினார். அவர் எனக்குக் கொடுத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் தனியாக ஸ்ரீமுஷ்ணம் கோவிலுக்குப் போனேன். அவருக்காக ஒரு வேண்டுதல். முதல் நாள் பெய்த மழையில் ரோட்டில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. திரும்பி வரும்போது எதிரே பஸ் வர, ஓரமாக ஒதுங்கினேன். தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. முன்பக்க இடது சக்கரம் அதில் இறங்கி, வண்டி பூராவும் அதிர்ந்து, ஸ்டியரிங் என் கையிலிருந்து உதறிக்கொண்டது. கீழே இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இருந்தது. எதுவும் உடைந்து தொங்கவில்லை. உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் கொழுந்தனார் "அப்பவே சொன்னேன், ஆளு வச்சிக்கலாம்னு" என்பார். அது ஒரு காரணம். மற்றொன்று, என் கணவரின் முகம். ஒரு கோடு கூட விழாமல் வைத்திருந்த வண்டி அது.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் புறப்பட்டபோது மந்தாரக்குப்பம் தாண்டியதும் அவர் இடது கையை வெளிப்பக்கம் காட்டி, "இந்தப் பக்கம்" என்றார். ஓரமாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்து வண்டியை இடது பக்கம் ஒதுக்கினேன். "இல்ல, இல்ல. இந்தப் பக்கம்" என்றார். இன்னும் ஒதுக்கினேன். சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. அவர் டேஷ்போர்டில் ஓங்கி ஓங்கி அடித்தார். "போவுது! இந்தப் பக்கம் போவுது!"

"நீங்க சொன்ன பக்கந்தான போறேன்" என்று நான் கத்தினேன்.

எனக்கும் ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரிந்தது. நேரான ரோட்டில் ஸ்டியரிங்கை நேராக வைத்தால் வண்டி மெல்ல ஓரத்துக்குப் போனது. சற்று வலது பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் நேராக ஓடியது. ரோட்டின் சரிவு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அறுபத்தைந்து, எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. அது என் கை நடுக்கம் என்றே நம்பினேன். வேகத்தைக் கண்டு எனக்குப் பயம், அதனால் கை நடுங்குகிறது என்று. ஐம்பதுக்குக் குறைத்தால் நின்றுவிடும். பயம் தெளிந்தது என்று எண்ணிக்கொள்வேன்.

அடுத்த தடவையும் அவர் விடவில்லை. கடலூர் வரைக்கும் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றே வந்தார். முதல் நாள் வேலையில் ஒரு பெட்டி சரக்கு திரும்பி வந்து பேச்சு வாங்கியிருந்தேன். தூக்கமும் இல்லை. ஒரு பெட்டிக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "எனக்கு ஓட்டத் தெரியாதுதாங்க. தெரிஞ்சவரு நீங்கதான் இப்படி உக்காந்திருக்கீங்களே, நான் என்னா பண்றது!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் காரில் அவர் வாயே திறக்கவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. பயிற்சி கொடுக்கும் பெண் படங்களைக் காட்டிப் பேர் சொல்லச் சொன்னால் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் இப்படிப் போனது. அந்தப் பெண் என்னை வெளியே அழைத்துக் கேட்டார். "நல்லா வந்துக்கிட்டிருந்தாரு. இப்ப முயற்சியே பண்ண மாட்டேங்குறாரு. வீட்டுல எதாச்சும் நடந்துச்சாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அன்று திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் நடுவே, இருபுறமும் முந்திரித் தோப்பு. மதியம் இரண்டு மணி இருக்கும். அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாகப் பாய்ந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"இல்ல! இல்ல!" என்று அவர் அலறினார்.

அந்த ஒரு தடவை அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. பிரேக்கை மிதிக்காதே என்கிறார். காலை எடுத்தேன். பெல்ட் இழுக்க இழுக்க அவர் உடம்பைத் திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டி ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்தார். மேலே என் இரண்டு கை, கீழே அவருடைய ஒரு கை. இருவரும் சேர்ந்து வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். வண்டி தடதடவென்று அடித்துக்கொண்டே வேகம் குறைந்து, செம்மண்ணில் இறங்கி, ஒரு முந்திரி மரத்துக்கு நாலடி தள்ளி நின்றது. பின்னால் வந்த ஒரு லாரி ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போனது.

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார்.

பால் வண்டி ஓட்டி வந்த ஒருவர் நிறுத்தி, ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தார். கழற்றிய டயரை டிக்கியில் போடும்போது, "எங்கயும் நிக்காம நேரா வீல் அலைன்மென்ட் பாக்குற கடைக்குப் போங்க. நாப்பதுக்கு மேல போவாதீங்க" என்றார்.

விருத்தாசலத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அப்படி ஒரு கடை உண்டு. கடைக்காரர் என் கணவருக்கு முன்பே பழக்கம். வேன் ஓட்டிய காலத்தில் அங்கேதான் விடுவாராம். எனக்கு அது தெரியாது. அவர் என் கணவரைப் பார்த்ததும் ஓடிவந்து கதவைத் திறந்து, "அண்ணே, கேள்விப்பட்டேன். வந்து பாக்க முடியல, மன்னிச்சிக்கங்க" என்று சொல்லி, தோளைக் கொடுத்து இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியை வாசலில் போடவில்லை. சக்கரங்கள் நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டார்.

வெடித்த டயரை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் படுக்கப் போட்டார். வெளிப்பக்க ஓரத்தில் பட்டை நன்றாக இருந்தது. உள்பக்க ஓரம் மொட்டையாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய நின்னு பாத்தா புது டயரு மாதிரி இருக்கும் அண்ணி. உள்பக்கம் பூந்து பாத்தாதான் தெரியும். எங்கயாச்சும் பள்ளத்துல விட்டீங்களா?"

நான் என் கணவரைப் பார்க்காமல் சொன்னேன். "ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல. ஒரு மாசம் இருக்கும். தண்ணி நின்னுச்சு, தெரியல."

"அதான்." அவர் வண்டியை மேலே ஏற்றி, நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு கருவியை மாட்டினார். எதிரே கம்ப்யூட்டரில் வண்டியின் படம் வந்தது. மூன்று சக்கரம் பச்சை. முன்பக்க இடது சக்கரம் மட்டும் சிவப்பு. "நாலு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு நேரா, நிக்க வேண்டிய சாய்வுல நிக்கணும். அதுக்குப் பேருதான் அலைன்மென்ட். நீங்க பள்ளத்துல விட்டப்போ உள்ள இருக்குற ராடு ஒண்ணு வளைஞ்சிருக்குது. நம்ம கண்ணுக்குச் சக்கரம் நேரா இருக்குற மாதிரிதான் தெரியும். ஆனா அது ஓரத்தைப் பாத்துக்கினு நிக்குது. நீங்க ஸ்டியரிங்கை இந்தாண்ட இழுத்துப் புடிச்சி ஓட்டியிருப்பீங்களே?"

"ஆமா."

"நீங்க ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, ரோட்டுல போட்டுத் தேய்ச்சிக்கினே வந்திருக்குது. கை நடுங்குமா, வேகமாப் போனா?"

"எழுபதுல நடுங்கும். அது என் பயம்னு நினைச்சேன்."

"பயம் இல்ல அண்ணி. அது பேலன்சிங். எல்லாரும் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. இது வேற." வெடித்த டயரிலிருந்து ரிம்மைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டிச் சுழல விட்டார். சக்கரம் சுற்றி நின்றதும் மெஷின் ஓர் இடத்தைக் காட்டியது. "அடி பட்டதுல ரிம் லேசா நெளிஞ்சிருக்குது. ஏற்கெனவே அடிச்சிருந்த ஈயக்கட்டியும் தெறிச்சிப் போயிருக்குது. சக்கரத்துல ஒரு பக்கம் கனம் கொஞ்சம் கூட இருந்தாலும், மெதுவா போறப்போ தெரியாது. வேகம் புடிச்சா ஒவ்வொரு சுத்துக்கும் அந்தக் கனம் ஒரு குத்து குத்தும். அதுதான் கையில வந்து நடுங்குது. எதிர்ப்பக்கம் அவ்வளவு கனத்தை வச்சிட்டா சரியாப் போவும்."

நான் கேட்டேன்: "பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கவங்களுக்கு இதெல்லாம் தெரியுமாங்க?"

"எல்லாருக்கும் தெரியாது. அண்ணன் மாதிரி ஆளுங்களுக்குக் கண்ணை மூடிக்கினு உக்காந்திருந்தாலும் தெரியும். உக்காந்த இடத்துல தெரியும்." சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்டார். "அண்ணன் கூடவே வராரே, ஒண்ணும் சொல்லலையா?"

எத்தனை தடவை சொன்னார்! இந்தப் பக்கம் போவுது, இந்தப் பக்கம் போவுது என்று. தன்னிடம் மிஞ்சியிருந்த நாலைந்து வார்த்தைகளில் அந்தச் செய்தியைச் சொல்வதற்குச் சரியான வார்த்தைகள் இருந்தன. சரியாகத்தான் சொன்னார். கேட்டவள்தான் வேறொன்றாகக் கேட்டேன். போதாததற்கு அப்படி ஒரு பேச்சும் பேசினேன்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் வாயைத் திறந்தார். முந்திரித் தோப்பில் அலறியதைத் தவிர, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நாற்காலியில் உட்கார்ந்தபடி, கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல."

நான் திட்டு வாங்கக் கூடாது என்று சொன்னாரா, அல்லது அந்த நேரத்துக்கு அந்த வார்த்தைதான் வந்ததா, எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. பிறகு நான் அதைப் பற்றிக் கேட்டபோதும் அவர் தலையாட்டவில்லை. கடைக்காரர் மேலும் கேட்காமல் காரின் அடியில் குனிந்துகொண்டார்.

வளைந்த ராடை மாற்றி, புது டயர் போட்டு, கம்ப்யூட்டரில் நாலு சக்கரமும் பச்சையாகும் வரைக்கும் இரண்டு மணி நேரம் ஆனது. என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரிம்மில் ஈயக்கட்டியை அடிக்கும்போது ஒரு தடவை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் சக்கரத்தை மறுபடியும் சுழல விட்டார். "ஆமாண்ணே, இன்னும் கொஞ்சம் போடணும்" என்று சொல்லி இன்னொரு சிறு கட்டியைச் சேர்த்தார். இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. கடைக்காரர் அவரிடம் கேள்வி கேட்பார், அவர் தலையை ஆட்டுவார் அல்லது விரலைக் காட்டுவார். நோய் வந்த பிறகு ஒருவர் அவரிடம் யோசனை கேட்டு நான் பார்த்தது அன்றுதான். நோயில் வந்த வாய்க் கோணல்கூட அப்போது தெரியவில்லை.

கடையிலிருந்து வீடு வரைக்கும் வண்டி ரோட்டில் நேராக ஓடியது. நேரான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன். அப்படியே போனது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கேட்டேன். இந்தத் தடவை தலையாட்டிப் பதில் சொல்கிற மாதிரி கேட்டேன்.

"பள்ளத்துல விட்டது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினார்.

"என் மேல கோவமா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"பள்ளத்துல விட்டதுக்கா?"

"இல்ல."

"அன்னிக்குப் பேசினதுக்கா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆமாம் என்று தலையாட்டினார். அவருடைய வலது கையை, உணர்ச்சி இல்லாத அந்தக் கையை, எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் இடது கையைப் பிடித்தேன். நாங்கள் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர் வீட்டு அம்மா, "உள்ள போவலையா?" என்று குரல் கொடுக்கும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.

அன்றிலிருந்து கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். காரில் அவர் கையைத் தூக்கினால் ஓரமாக நிறுத்தி, "ரோடா? வண்டியா? நானா?" என்று கேட்பேன். பாதிக்கு மேல் "நானா" என்பதற்குத்தான் தலையாட்டினார். கியரை மாற்றாமல் இழுத்துக்கொண்டே போகிறேன், கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறேன் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். வீட்டிலும் அப்படியே கேட்கப் பழகினேன். பசியா, வலியா, யாராவது வந்து பேசியது பிடிக்கவில்லையா. ஐந்தாவது கேள்வியில் கிடைக்கும், சில நாள் கிடைக்கவே கிடைக்காது. கிடைக்காத நாளில் இருவரும் சலித்துப்போய் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவோம். புதுச்சேரிப் பயிற்சியில் அவர் மறுபடியும் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். பத்துப் பதினைந்து வார்த்தைகள் கூடின. "தண்ணி", "வேணாம்", "மெதுவா". என் பேர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரு வருஷம் ஆனதும் டாக்டர் எங்களை உட்கார வைத்து, திரும்ப வேண்டியது பெரும்பாலும் திரும்பிவிட்டது, இனிமேல் வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதும் என்றார். கை இனி வராது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். என் கணவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஊர் வரும் வரைக்கும் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பீரோவைத் திறக்கச் சொல்லி, காரின் ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வைத்தார். அதை என் கையில் கொடுத்து, என் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டினார்.

"விக்கணுமா?"

"இல்ல."

"என் பேருக்கு மாத்தணுமா?"

தலையாட்டினார். "அதெல்லாம் எதுக்குங்க, உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றேன். அவர் கோபமாக, "வேணாம்" என்றார். அந்தக் கோபத்துக்குக் காரணம் கேட்க எனக்கு ஐந்து கேள்வி தேவைப்படவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையில் நின்றோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரால் போட முடியாது என்று சொன்னதும், அங்கிருந்தவர் மைப்பெட்டியை நகர்த்தினார். இருபத்தாறு வருஷமாக லைசென்சுக்கும் பர்மிட்டுக்கும் எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்ட மனுஷன். நான் உதவிக்குக் கையை நீட்டினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, இடது கைப் பெருவிரலைத் தானே மையில் வைத்து, காட்டிய இடங்களில் எல்லாம் அழுத்தி எடுத்தார். ஒரு இடத்தில் ரேகை சரியாக விழவில்லை. அவராகவே மறுபடியும் வைத்தார்.

துடைத்துக்கொள்ள ஒரு பழைய துணி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மரத்தடியில் நின்றிருந்த காரை நோக்கி அவர் குச்சியை ஊன்றி நடந்தார். ஏறி உட்கார்ந்ததும், பெல்ட்டை என் உதவியில்லாமல் மாட்டிக்கொள்ள முயன்றார். முதல் இரண்டு தடவை மாட்டவில்லை. நான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருந்தேன். மூன்றாவது தடவை மாட்டிவிட்டு, "மெதுவா" என்றார்.